ஐம்பத்தேழாம் எண் பச்சை வண்டி

மில்பெர்ரி, வட கரோலினா
9 ஜூன் 1986

மதிப்பிற்குரிய திரு. ஆக்சல் ஹோல்ம் அவர்களுக்கு,

டுலூத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கடிதம் என் கணவர் ஆரின் டாட்லாக்குக்கு வந்தது, பதில் எழுதுவது அவர் மனைவி வெல்டா. தனக்கு எழுத்து வராது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். உள்ளதைச் சொன்னால், சர்க்கரை வியாதியால் கண்ணில் மங்கல் விழுந்திருக்கிறது, படிக்க முடிவதில்லை. அதனால் சமையலறை மேசையில் உட்கார்ந்து நான்தான் வாசித்துக் காட்டினேன்.

அவர் முதலில் நம்பவில்லை. வேறு ஏதோ டாட்லாக்குக்கு எழுதியது தவறி நம் வீட்டுக்கு வந்துவிட்டது, தோற்றவன் பந்தய வண்டியை எவனாவது உட்கார்ந்து பொம்மையாகச் செய்வானா என்றார். பிறகு, கழன்ற பம்பரைக் கம்பியால் கட்டிக்கொண்டு அவர் கடைசிச் சுற்று வரை ஓட்டியதை ரிச்மண்டில் பார்த்தீர்கள் என்ற இடம் வந்ததும் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பகலில் பல்செட் செய்கிறவர், மாலையில் உள்ளங்கையில் அடங்குகிற கார் செய்கிறவர், அதிலும் கடைப் பெட்டியில் கிடைக்காத கார்களை மட்டும் செய்கிறவர் என்று உங்களைப் பற்றித் தெரிந்துகொண்டோம். என் பல்செட் சாப்பிடும்போது ஆடுகிறது. நீங்கள் பக்கத்து ஊரில் இருந்திருக்கலாம்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பெரிய குழு ஓட்டுநர் ராய்ஸ் கிரிம்ஸ்லியின் நீல ஃபோர்டு வண்டிக்கு மட்டும் கடையில் பொம்மைப் பாகப் பெட்டி கிடைக்கிறது, அதை வாங்கி மாற்றிச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்குங்கள். நாங்களும் அதைத்தான் வாங்கினோம். ராய்ஸின் குழு இரண்டு வருடம் ஓட்டி முடித்துத் தள்ளிவிட்ட வண்டியை ஆரின் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தார். பெரிய குழுக்கள் பாதி தேய்ந்ததும் கழற்றிப் போடுகிற டயர்களைப் பொறுக்கி வந்து மாட்டுவார். வாரம் முழுக்கத் தீவன லாரி ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட்டுவார். அதே வண்டி அடுத்த வாரமும் ஓட வேண்டும் என்பதால் இடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவதே அவருக்கு முதல் வேலை. மற்ற ஓட்டுநர்கள் இதற்காகவே அவரை மதித்தார்கள். வழி கேட்டால் விடுவார், விட்டபின் சண்டைக்குப் போக மாட்டார்.

எண் ஐம்பத்தேழு. எழுதியவன் என் ஒன்றுவிட்ட தம்பி. ஐந்து குண்டாகவும் ஏழு நோஞ்சானாகவும் இருக்கும், அப்படியே போடுங்கள். வலது கதவு உடைசல் கடையிலிருந்து வந்தது, சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

நிறம் பச்சை. கார்ப் பந்தயக் களத்தில் பச்சை ஆகாது என்பது உங்கள் வடக்கில் தெரியுமோ என்னவோ. எங்கள் பக்கத்தில் பச்சை வண்டிக்குப் பக்கத்தில் யாரும் தங்கள் வண்டியை நிறுத்த மாட்டார்கள். பச்சைச் சட்டை போட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தோலோடு வேர்க்கடலையும் அப்படித்தான், உள்ளே கொண்டுவரக் கூடாது. ஆனால் பந்தயச் செலவுக்கு எங்களுக்கு உதவ முன்வந்த ஒரே ஆள் தீவனக் கடை கிளைட் பஸ்பி. அவர் கடை மூட்டையின் நிறம் பச்சை. என் மூட்டை நிறத்தில் ஓடினால்தான் உதவி என்று சொல்லிவிட்டார். நான் வேண்டாம் என்று அழுதேன். ஆரின் சிரித்துக்கொண்டே பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். அந்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை நான் பச்சை பீன்ஸ்கூடச் சமைத்ததில்லை, என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவர் ஒரு பந்தயத்திலும் முதலில் வரவில்லை. காரணம் என்ன என்று என்னைக் கேட்டால் நான் ஒன்று சொல்வேன், அவரைக் கேட்டால் என்ஜின் என்பார்.

போட்டோக்கள் சிலவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,
திருமதி வெல்டா டாட்லாக்

*

மில்பெர்ரி
17 ஆகஸ்டு 1986

அன்புள்ள திரு. ஹோல்ம் அவர்களுக்கு,

போட்டோக்கள் பத்திரமாக வந்தன. கூடவே நீங்கள் அனுப்பிய, வண்டியின் வெறும் கூட்டைக் காட்டும் படங்களும் வந்தன. சாம்பல் நிறத்தில் இருப்பதே இவ்வளவு அழகு என்றால் முடித்த பிறகு எப்படி இருக்குமோ. பல் குடைகிற ஊசியால் கதவிடுக்கைக் கீறினேன் என்று நீங்கள் எழுதியதைக் கேட்டு ஆரின் வயிறு குலுங்கச் சிரித்தார்.

எவன் செய்வான் என்று கேட்ட மனிதர் இப்போது தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலில் நிற்கிறார். இருக்கைக்குப் பின்னால் குறுக்குக் கம்பி ஒன்று விட்டுப்போயிருக்கிறதாம். ஸ்டியரிங்கில் கறுப்பு டேப் சுற்ற வேண்டுமாம், அதுவும் இடப்பக்கம் தடிப்பாக. படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மூக்குக்கு முன் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் சொல்கிறார். ஒரு மாலை முழுக்க இதே பேச்சு. பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறிப்போயின. இனிப்புத் தேநீரை எனக்குத் தெரியாமல் குடித்துவிட்டு, குடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை.

இப்போது கவலையைச் சொல்கிறேன். வின்ஸ்டன் சேலத்தில் கண் டாக்டரைப் பார்த்தோம். வலது கண் போய்விட்டது, அதில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை. இடது கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது. நவம்பர் முதல் வாரம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பார்வை தங்கலாம், தங்காமலும் போகலாம், நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார் டாக்டர். நல்ல மனிதர், மழுப்பாமல் சொன்னார். ஆரின் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரும்பி வருகிற வழியில் என்னிடம்தான் கேட்டார்.

"அந்த டுலூத்துக்காரர் அதுக்குள்ள வண்டிய முடிச்சிருவாரா, வெல்டா?"

முடித்துவிடுவார் என்று நானாகச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னியுங்கள். கண் இருக்கும்போதே அவர் அந்த வண்டியைப் பார்த்துவிட வேண்டும். இந்த வீட்டில் இப்போது எனக்கு வேறு ஆசை இல்லை.

இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டும்போது இனி வரும் பகுதியை விட்டுவிடுவேன். ஆரின் ஒரு தடவை ஜெயித்திருக்கிறார். எந்தக் கணக்கிலும் அது இருக்காது. 1971 கோடை, தார் உருகுகிற வெயில். எங்கள் வண்டியின் என்ஜின் ஆரம்பத்திலேயே வெடித்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வண்டியும் ஓடிய சுற்றை எழுத அந்த வண்டிக்காரரின் ஆளே மேடையில் உட்கார வேண்டும், அநேகமாக மனைவிமார்தான் உட்காருவோம். எங்கள் வண்டி நின்றதும் எனக்கு வேலை இல்லை, பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ராய்ஸ் கிரிம்ஸ்லி வெயில் தாங்காமல் வண்டியை ஓரங்கட்டினார். அவரைத் தூக்கி இறக்கினார்கள். சும்மா நின்றுகொண்டிருந்த ஆரினைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தார்கள். அந்த நீல வண்டி திருப்பத்தில் வந்தபோது தலையைச் சாய்க்கிற விதத்தைப் பார்த்து உள்ளே இருப்பது என் மனிதர் என்று கண்டுகொண்டேன். முதலில் வந்தார். ஆனால் யார் வண்டியைக் கிளப்பினாரோ அவர் பேருக்கே முடிவு போகும் என்பது விதி. கோப்பையும் அதைக் கொடுக்கிற அழகியின் முத்தமும் ராய்ஸுக்கு. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் வாங்கிக்கொண்டார். ஆரின் எங்கள் வண்டியை இழுவை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பச்சை வேண்டாம். அந்தக் கூட்டுக்கு நீலம் பூசி, ராய்ஸின் எண்ணைப் போட்டு, கூரையில் மட்டும் ஆரின் டாட்லாக் என்று எழுதி அனுப்புங்கள். கண் போவதற்கு முன் அவர் ஜெயித்த வண்டியைப் பார்க்கட்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்கு முன் அந்தப் பச்சையை இந்த வீட்டுக்குள் விட எனக்குத் துணிச்சல் இல்லை.

தங்கள்,
வெல்டா டாட்லாக்

*

மில்பெர்ரி
12 அக்டோபர் 1986

அன்புள்ள ஆக்சல்,

பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னீர்கள், கூப்பிட்டுவிட்டேன். நீங்களும் என்னை வெல்டா என்றே எழுதுங்கள்.

நீல வண்டி ஒரு கீறல் இல்லாமல் வந்தது. பெட்டிக்குள் நீங்கள் அடைத்திருந்த பஞ்சை எடுத்து எடுத்து எனக்குக் கை வலித்துவிட்டது. இப்படி ஒரு வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை. சக்கரம் உருளுகிறது, மூடியைத் திறந்தால் உள்ளே என்ஜின் இருக்கிறது. நான் அதைத் துணியால் மூடி வைத்து, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஆரினை ஜன்னலோரம் உட்கார வைத்து மடியில் வைத்தேன்.

அவர் வெகு நேரம் பார்த்தார். இடது கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகத் திருப்பிப் பார்த்தார். ராய்ஸ் வண்டி அச்சு அசல் அப்படியே இருக்கிறது, இந்த ஆளுக்குக் கை இல்லை, மந்திரக்கோல்தான் என்றார். கூரையில் இருந்த தன் பெயரை விரலால் தடவினார். பிறகு என்னிடம் திரும்பி, நம்ம வண்டி எப்போது வருகிறது என்று கேட்டார்.

நீங்கள் ஜெயித்த வண்டி இதுதானே, இதைத்தான் நான் செய்யச் சொன்னேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜெயிச்சது அந்த வண்டி, வெல்டா. நான் உள்ள உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ரெண்டு விரல வெச்சாப் போதும், தானா வளைஞ்சுது. நம்ம வண்டி அப்படியா? நாலு சக்கரமும் நாலு பக்கம் இழுக்கும். அதக் கடைசிவரைக்கும் கொண்டாந்து சேர்த்தேன் பாரு, அதுதான் நான் ஓட்டினது."

பச்சையால்தான் உங்களுக்கு ஒன்றும் வாய்க்கவில்லை என்று இத்தனை வருடம் மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அதற்கும் சிரித்தார். "எட்டு வருசம் பச்சையில ஓட்டினேன், ஒரு எலும்பு முறியல. ராய்ஸ் நீலத்துலதான காலை முறிச்சுக்கிட்டான்? அப்ப எது ஆகாத நிறம், நீயே சொல்லு." இந்த மனிதரோடு வாதாடி யார் ஜெயித்தது. நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். தேவைக்கு அதிகமாகவே சத்தம் போட்டுக் கழுவினேன்.

ஆக்சல், அவருக்கு எது பெருமை என்று நானாக முடிவு செய்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் கூட இருந்தும் பிசகிப்போனேன். உங்கள் மாலைப்பொழுதுகளையெல்லாம் வீணாக்கிவிட்டேன், அவர் பார்வைக்கு மிச்சமிருந்த நாட்களையும் வீணாக்கிவிட்டேன். இரண்டாவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீல வண்டியை ராய்ஸுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார், அவர் சொத்து அவருக்கே போகட்டுமாம். ராய்ஸ் ஃப்ளோரிடாவில் தனியாக இருக்கிறார், அந்தக் காலோடு சரியாக நடக்க முடியாது. கூரையில் உள்ள பெயரை அழித்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், அன்றைக்கு யார் ஓட்டினது என்று ராய்ஸுக்குத் தெரியும், பார்த்தால் சந்தோஷப்படுவான் என்றார். உங்களுக்குச் சம்மதம்தானா?

நவம்பர் நான்காம் தேதி அறுவை சிகிச்சை. கேட்கவே வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். பச்சை வண்டியை அதற்குள் தொடங்கவாவது முடியுமா?

வெல்டா

*

மில்பெர்ரி
23 நவம்பர் 1986

அன்புள்ள ஆக்சல்,

உங்கள் தந்தி அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் வந்தது. வண்டியைத் தொடங்கிவிட்டேன் என்ற வரியை ஆரின் என்னை மூன்று முறை வாசிக்க வைத்தார். மறுநாள் காலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது நர்ஸிடம் தன் வண்டி டுலூத்தில் தயாராகிறது என்று சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பெண் நிஜ வண்டி என்றே நினைத்துக்கொண்டாள்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. டாக்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஆரினுக்குத் தெரிகிறது. அதற்கு மேல் தெரியவில்லை. இனித் தெரியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அவர் வாய்விட்டு அழவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் எங்களைத் தாண்டிப் போன வண்டி ஒவ்வொன்றும் என்ன வண்டி, அதில் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் வந்த வண்டியைப் பற்றிக் கேட்டதற்கு, ஓட்டுகிற ஆளை மாற்றினால் சரியாகிவிடும் என்றார். நான் மெதுவாக ஓட்டுகிறேனாம். வீட்டில் காப்பிக் கோப்பை இருக்கிற இடம், படி இருக்கிற இடம் எல்லாம் பழகிக்கொண்டிருக்கிறார். சபையிலிருந்து ஆட்கள் வறுத்த கோழியும் இனிப்புப் பலகாரமும் கொண்டுவந்து குவிக்கிறார்கள். இனிப்பை மட்டும் நான் ஒளித்து வைக்கிறேன்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. வண்டியின் கூடு முடிந்துவிட்டது, பெயிண்ட் பூசிக் காய வைத்து மறுபடி பூச வேண்டும், எண்ணை எழுத வேண்டும், கிறிஸ்துமஸுக்கு அனுப்பிவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று பச்சையில் மூன்று துண்டு அட்டை பூசி அனுப்பி, சரியான பச்சையை ஆரின் தேர்ந்தெடுக்கட்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் எழுதும்போது இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. வருத்தப்படாதீர்கள்.

அந்த அட்டைகளை அவர் கையில் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் அவருக்கு வந்ததை நான் மறைப்பது இனி கிடையாது. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"உனக்குப் பிடிச்சத எடும்மா. எனக்கென்ன தெரியப்போவுது."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் துணி காயப்போடுகிற சாக்கில் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன். அவருக்குக் கேட்டிருக்கும். காது இப்போது ரொம்பக் கூர்மை.

ஆக்சல், கிறிஸ்துமஸ் வரை வைத்திருக்காதீர்கள். பெயிண்ட் பூச வேண்டாம். சாம்பல் நிறத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே பஞ்சில் சுற்றி அனுப்பிவிடுங்கள். தினமும் சாப்பிட்ட பிறகு கையை மேசைமேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். லாரி ஓட்டிய கை, பந்தய வண்டி ஓட்டிய கை, அதை அப்படிச் சும்மா பார்க்க என்னால் முடியவில்லை. அந்தக் கையில் வைக்க ஏதாவது வேண்டும். கதவு இறங்கியிருப்பது, முன் மட்கார்டில் உள்ள நெளிவு, பின்பக்கம் தட்டி நிமிர்த்திய இடம் எல்லாம் விரலுக்குப் படுகிற மாதிரி ஆழமாகச் செய்யுங்கள். அளவுக்குப் பொருந்தாமல் போனாலும் பரவாயில்லை. உங்கள் ஊரில் இதைப் பார்த்து யாராவது சிரித்தால் என் பேரைச் சொல்லுங்கள்.

மூன்று அட்டைகளில் வெளிறாமலும் கறுக்காமலும் நடுத்தரமாக இருக்கிற பச்சைதான் சரியான பச்சை. எட்டு வருடம் அவர் சட்டையிலிருந்து அந்த நிறத்தைத் தேய்த்துக் கழுவியவள் நான், எனக்குத் தெரியாதா. அதை ஒரு சின்னப் புட்டியில் ஊற்றி, நல்ல தூரிகை ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். இந்த மேசையில் உட்கார்ந்து நானே பூசுகிறேன். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று அவர் பக்கத்தில் இருந்து சொல்லட்டும். என் கை நடுங்கும், கோணல்மாணலாகத்தான் வரும், அவர் கிண்டல் செய்ய அதுவும் ஒரு சாக்காக இருக்கட்டும்.

நான் என்ன நிறம் பூசினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. பச்சைதான் பூசுவேன்.

கர்த்தர் உங்கள் கண்ணையும் கையையும் காக்கட்டும். சீக்கிரம் அனுப்புங்கள்.

அன்புடன்,
வெல்டா